மீனுக்கு முன்னர் நீர்: குறைந்த செலவில் ஒரு கடல்நீர்த் தொட்டி

கமத்தை இழந்து கடற்கரையோரம் வந்து குடியேறிய ஒரு தாய், ஒரு நாள் மாலை எம்மைத் தேடி வந்தார். சேலைத் தலைப்பில் எதையோ முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். தங்கச் சங்கிலி. இடம்பெயர்வுகள் அத்தனையிலும் விற்காமல் காப்பாற்றி வந்த ஒரே நகை.

“சுவாமி, இதை அடகு வைக்கப் போறன். மகன் கடல் மீன் தொட்டி வைச்சு விக்கப் போறானாம். பொடியன் சும்மா இருக்கிறான், ஏதாவது செய்யட்டும் எண்டு பாக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

நாம் உடனே பதில் சொல்லவில்லை. கடல்நீர்த் தொட்டியைப் பற்றி எமக்கு அப்போது அதிகம் தெரியாது. ஆனால் கடன்பட்டுத் தொழில் தொடங்கி, தொழில் போய்க் கடன் மட்டும் மிஞ்சிய வீடுகள் பலவற்றை நாம் அறிவோம். “சங்கிலி உங்களிடமே இருக்கட்டும். முதலில் பங்கு மண்டபத்தில் ஒரு தொட்டியை வைத்துப் பழகுவோம். உங்கள் மகனே அதைப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு பேசுவோம்” என்றோம்.

அந்த முயற்சியில் நாம் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். எமது வாசகர்களுள் அநேகர் மண்ணோடு வாழ்ந்தவர்கள். கடல் அவர்களுக்குப் புதிது. இருந்தும் இத்தொட்டியின் சூட்சுமத்தை எமக்கு விளங்க வைத்தவர் ஒரு மீனவர் அல்லர், ஒரு கமக்காரரே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் நாள் செத்த மீன்கள்

தொட்டி வைக்கப் போகிறோம் என்றதும் பங்கு மக்கள் சிலர் முகம் சுளித்தார்கள். “கூரை ஒழுகிற வீடுகள் இருக்கு, மீனுக்குக் கண்ணாடி வீடோ?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனவே புதிதாக எதையும் வாங்காமல், இயன்றவரை பழையவற்றைக் கொண்டே செய்வதென்று முடிவெடுத்தோம். யாரோ வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற ஒரு கண்ணாடித் தொட்டி கிடைத்தது. ஒரு சனிக்கிழமை இளைஞர்கள் கடல்நீர் அள்ளி வந்து நிரப்பினார்கள். அன்றைக்கே கடலோரத்தில் பிடித்த ஆறு சிறு மீன்களையும் விட்டோம். ஞாயிறு பூசை முடிந்ததும் சிறுவர்கள் தொட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பிடி உணவு போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு மீன்களும் செத்து மிதந்தன.

நீரில் ஏதோ நஞ்சு கலந்துவிட்டதென்று இளைஞர்கள் எண்ணினார்கள். வன்னியில் பல ஏக்கர் வயல் செய்த முதியவர் ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்து, நீரை மோந்து பார்த்தார்.

“பச்சை எருவைப் போட்ட கையோட நாத்தை நட்டால் வேர் கருகிப் போகும். எரு உக்கவேணும், மண் பதப்படவேணும். அதுக்குப் பிறகுதான் நடவு. நீங்கள் பதப்படாத தண்ணிக்குள்ள உயிரை விட்டிட்டியள், சுவாமி.”

இதைவிடச் சரியாக எந்த நூலும் சொல்லிவிட முடியாது. பிறகு நாம் படித்தறிந்தவை எல்லாம் அவர் சொன்னதற்கு விளக்கமாகவே அமைந்தன.

மீனின் கழிவும், தின்னாது விட்ட உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. அது மீனின் பூக்களை எரிக்கும் நஞ்சு. நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றை ஓரளவு வரை மீன் தாங்கும். வயலில் யூறியா போட்டால் மண்ணில் நடப்பதும் இதுவே: யூறியா அமோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாகிப் பயிரைச் சேர்கிறது. மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் உள்ளன. புதிய தொட்டியில் அவை இல்லை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த ஆறு வாரங்களைப் பொறுக்காததே தொடக்கக்காரர் அநேகரின் தோல்விக்குக் காரணம். எமது தோல்விக்கும் அதுவே காரணம்.

தொட்டியும் தாங்கியும்

சிறிய தொட்டி மலிவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் நீர் குறையக் குறையத் தவறுக்கு மன்னிப்பும் குறையும். ஒரு வாளி நீரில் செத்த ஒரு மீன் நீர் முழுவதையும் கெடுத்துவிடும். பெரிய தொட்டியில் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட தொட்டி தொடக்கத்துக்கு அளவானது. மேல் விளிம்பில் ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 120 லீற்றர் நீர் பிடிக்கும். கண்ணாடி குறைந்தது 6 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கவேண்டும். பழைய தொட்டி கிடைத்தால் முற்றத்தில் வைத்து நீர் நிரப்பி, ஒரு கிழமை கசிகிறதா என்று பார்த்த பின்னரே உள்ளே எடுங்கள். கசிவை அடைக்கும் சிலிக்கன் பசை, பூஞ்சண நாசினி கலக்காததாக இருக்கவேண்டும்.

நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 160 கிலோ பாரம் வரும். மூன்று யூறியா மூட்டைகளுக்கும் மேல். ஆகவே சாதாரண மேசை தாங்காது. சிமெந்துக் கற்களை இருபுறமும் அடுக்கி, மேலே தடித்த பலகையும் அதன்மேல் ஒரு ரெஜிபோம் தட்டும் வைத்தால் போதும். வெயில் நேரே படாத இடமாகவும், நிலம் மட்டமாகவும் இருக்கட்டும். இரும்பு எதுவும் நீரில் படக்கூடாது.

தேவையான கருவிகள் மூன்று. ஒரு காற்றுப் பம்பியும் அதனோடு பொருத்தும் பஞ்சு வடிகட்டியும். நீரைச் சுழல வைக்க மணிக்கு 800 முதல் 1000 லீற்றர் தள்ளும் சிறு நீர்ப் பம்பி. உப்பின் அளவைக் காட்டும் நீரமானி. இவற்றோடு அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று மூன்றையும் அளக்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்றும் வேண்டும். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாய்க் கணக்கை இங்கு தரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம்: அலங்காரப் பொருட்களில் மிச்சம் பிடியுங்கள், நீரமானியிலும் பரிசோதனைப் பெட்டியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு பெட்டியை வாங்கிப் பகிரலாம்.

மின் கம்பிகளைச் சுவர்ப் பொருத்தியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டுச் செருகுங்கள். கம்பி வழியே வழியும் நீர் வளைவிலிருந்து நிலத்தில் சொட்டிவிடும். உப்பு நீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிராபத்து. ட்ரிப் சுவிச் இல்லாத இடத்தில் தொட்டி வைக்கவேண்டாம். ஈரக் கையோடு எதையும் தொடவேண்டாம்.

நீர்: எங்கே எடுப்பது, எதில் எடுப்பது

கடலோரத்தில் இருப்பவருக்குப் பெரிய அனுகூலம் ஒன்றுண்டு. நகரத்தவர் விலை கொடுத்து வாங்கிக் கரைக்கும் உப்புக் கலவை அவருக்குத் தேவையில்லை. ஆனால் கரையில் காலை நனைத்துக்கொண்டு அள்ளும் நீர் உதவாது. கழிமுகம், துறைமுகம், படகுகள் எண்ணெய் சிந்தும் இடம் ஆகியவற்றுக்கு அப்பால், வள்ளத்தில் சற்றுத் தூரம் போய், வற்றுப் பெருக்கில் நீர் பெருகி நிற்கும் வேளையில் எடுக்கவேண்டும். பெருமழை பெய்து ஒரு கிழமைக்குள் எடுக்கவேண்டாம். எடுத்த நீரைப் பருத்தித் துணியில் வடித்து, மூடிய கானில் இருட்டில் இரண்டு கிழமை வைத்தால் மிதக்கும் நுண்ணுயிர்கள் இறந்து அடியில் படியும். மேல்நீரைத் தெளித்து எடுத்துக் காற்றுப் பம்பியால் ஒரு நாள் காற்றூட்டிப் பயன்படுத்தலாம்.

கமக்காரக் குடும்பங்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. வீட்டில் கிடக்கும் கான்கள் பல கிருமிநாசினி வந்த கான்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் கடல்நீர் எடுக்காதீர்கள். மயில்துத்தம் கரைத்த வாளியும் வேண்டாம். அதிலுள்ள செம்பு மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் இறால், நண்டு, நத்தை வகைகள் பிழைக்கா. தொட்டி இருக்கும் அறையில் நுளம்பு மருந்தும் விசிறக்கூடாது.

ஆனையிறவு உப்பைக் கிணற்று நீரில் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. அவற்றில் பெரும்பங்கு நாம் கறிக்குப் போடும் உப்பே என்றாலும், மிகுதியாக மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியனவும் உள்ளன. உப்பளத்தில் கல்சியத்தின் பெரும்பகுதி முதலில் வேறாகப் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு வடிக்கப்பட்டுவிடும். எனவே உப்பை மீண்டும் கரைத்தாலும் கடல் மீளாது.

விதைநெல் தெரிவுசெய்ய உப்பு நீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பது எம்மவர் வழக்கம். அந்த அளவுகோலும் இங்கே பயன்படாது. புது முட்டை கடல்நீரில் தாழ்ந்துவிடும். நீரமானி 1.023 முதல் 1.026 வரை காட்டவேண்டும்.

நாளாந்தம் தொட்டி நீர் ஆவியாகிக் குறையும். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நன்னீரால்தான் நிரப்பவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீரை இதற்குச் சிபாரிசு செய்யமாட்டோம். பசளை ஊறி நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் அங்கு பல உண்டென்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. முதல் மழையை ஓடவிட்டு, பிறகு ஓட்டுக் கூரையிலோ சுத்தமான பொலித்தீன் விரிப்பிலோ பிடித்த மழைநீரே சிறந்தது. அதற்குச் செலவும் இல்லை.

கல்: கடலிலிருந்து வேண்டாம்

தொட்டியில் கல் அடுக்குவது அழகுக்காக மட்டுமன்று. நுண்துளைகள் நிறைந்த கல்லின் உள்ளேயும் வெளியேயும்தான் பற்றீரியாக்கள் குடியிருக்கும். இதற்காகப் பலர் கடலுக்குள் போய் முருகைக்கல்லை உடைத்து வருகிறார்கள். நாம் அதைச் செய்யவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லே பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கடலுக்கடியில் படிந்து உருவானதுதான். அதுவும் முருகைக்கல்லும் ஒரே பொருளால் ஆனவை: கல்சியம் காபனேற்று. கிணறு வெட்டியபோது வெளியே போட்ட, துளைகள் நிறைந்த கற்களைத் தேடிப் பொறுக்கினோம். புதிதாக ஒரு கல்லும் தோண்டவில்லை. பசளை போட்ட தோட்டத்துக் கற்களையும், துரு நிறக் கோடுகள் உள்ளவற்றையும் தவிர்த்தோம். தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்னீரை மாற்றி மாற்றி மூன்று கிழமை ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தோம். 120 லீற்றர் தொட்டிக்கு 12 முதல் 15 கிலோ போதும். இடையில் நீர் ஓடும்படியும் மீன் ஒளியும்படியும் தளர்வாக அடுக்கவேண்டும். அடியில் மணல் பரப்பவேண்டிய கட்டாயமில்லை. வெறும் அடித்தளம் துப்புரவாக்க இலகு.

ஆறு வாரக் காத்திருப்பு

நீரும் கல்லும் சேர்ந்து பம்பிகள் ஓடத் தொடங்கியதும், பெருவிரல் நகமளவு இறால் துண்டொன்றைப் போடுங்கள். அது அழுகி அமோனியா தரும். பற்றீரியாவுக்கு அதுவே முதல் உணவு. யூறியாவைப் போட்டு விரைவுபடுத்தலாமே என்று எண்ணவேண்டாம், அளவு கைமீறிப்போகும். தெரிந்தவரிடம் நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டி இருந்தால் அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள். உறைமோர் விட்டது போல வேலை விரைவாகும்.

கிழமைக்கு இருமுறை நீரைப் பரிசோதித்துக் கொப்பியில் எழுதுங்கள். முதலில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்க, நைத்திரேற்று தோன்றும். நாளுக்கு ஒரு சிட்டிகை மீனுணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து ஒரு கிழமை பூச்சியமாக நின்றால் நீர் பதப்பட்டுவிட்டது. கண்ணாடியில் கபில நிறப் படிவு வரும். பயப்படவேண்டாம், அது தானாகவே குறையும்.

எமது தொட்டி இரண்டாம் முறை பதப்பட 39 நாட்கள் சென்றன. வெறும் கல்லையும் நீரையும் பார்த்துச் சிறுவர்கள் சலித்துப்போனார்கள். அந்தத் தாயின் மகன் மட்டும் ஒவ்வொரு முறையும் நிறத்தை ஒப்பிட்டு எழுதி வைத்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன். கொப்பியில் அவன் போட்ட கோடுகள் ஏறி இறங்கியதைக் கண்டு, கணித ஆசிரியர் ஒருவர் அதை இரவல் வாங்கிச் சென்று வகுப்பில் காட்டினார்.

எந்த உயிர்களை விடுவது?

முதலில் மலிவானவை. நன்னீர்க் கடைகளில் கிடைக்கும் மொலி மீன் மெதுவாகப் பழக்கினால் முழுக் கடல்நீரிலும் வாழும். மீன் இருக்கும் வாளிக்குள் அரை மணிக்கொரு முறை அரைக் கோப்பை தொட்டி நீரை விட்டு, ஒரு பகல் முழுவதும் பழக்கவேண்டும். இரண்டு மொலிகளோடு தொடங்குங்கள். அவை பாசியையும் மேயும். ஒரு மாதம் குறையின்றிப் போனால், தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்ட கோமாளி மீன் சோடி ஒன்றைச் சேர்க்கலாம். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. சிறுவர்கள் இதைக் கேட்டு வியந்து எம்மைக் கேள்விகளால் துளைத்துவிட்டார்கள். 120 லீற்றருக்கு நான்கு சிறு மீன்களே உச்ச அளவு.

மீனுக்கு முன்னரே ஒரு பயிரையும் நடலாம். கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியில் ஒரு பிடியைக் கழுவிப் போட்டு, மேலே ஒரு வெள்ளை மின்குமிழை நாளுக்கு எட்டு மணிநேரம் எரியவிடுங்கள். பயிர் பசளையை எடுப்பது போல அது நைத்திரேற்றை எடுத்து வளரும். வளர்ந்ததை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால், அதனோடு சேர்ந்து கழிவும் வெளியேறும். விலையுயர்ந்த வடிகட்டிகள் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இந்தப் பாசி செய்துவிடும்.

வெப்பமும் மின்வெட்டும்

குளிர் நாட்டவர் தொட்டியைச் சூடாக்கப் பணம் செலவிடுகிறார்கள். எமக்கோ பிரச்சினை எதிர்மாறானது. 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை நல்லது. 30 ஐத் தாண்டினால் நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தானே.

2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். அது இல்லையேல், கோப்பையால் நீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருங்கள். அரை மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் செய்தால் நான்கு மீன்கள் பிழைக்கும். அந்நேரம் உணவு போடவேண்டாம்.

அன்றாட வேலை அதிகமில்லை. நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. கிழமைக்கு ஒரு முறை 12 லீற்றர் நீரை எடுத்துவிட்டு, அதேயளவு புதிய கடல்நீர். வடிகட்டிப் பஞ்சை, எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து கழுவவேண்டும். குழாய் நீரில் கழுவினால் வளர்த்த பற்றீரியாவை நாமே கொன்றவர்களாவோம். சவர்க்காரம் தொட்டியின் அருகேயும் வரக்கூடாது.

முருகைக்கல் ஏன் வேண்டாம்?

முருகைக்கல் வெறும் கல்லன்று. நுண்ணிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு அது. அவ்விலங்குகளின் உடலுக்குள் அல்கா எனும் நுண்தாவரம் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு செய்து வீட்டுக்காரருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. கடல் வழமையான கோடை உச்சத்தைவிட 1 பாகை கூடுதலாகச் சூடேறிப் பல வாரங்கள் நீடித்தாலே அல்கா வெளியேற, முருகை வெளுத்துப் பட்டினியால் சாகிறது. 1998 இல் ஹிக்கடுவையிலும் கல்பிட்டிக் கடலிலும் உயிர் முருகையின் பெரும்பகுதி இப்படி அழிந்தது. திருகோணமலைப் புறாத்தீவு அவ்வாண்டு பெரும்பாலும் தப்பியது. உருண்டையாக வளரும் முருகை இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஒரு கூடையளவு கல்லை உடைக்கும் இளைஞன், தன் பாட்டன் பிறக்கும் முன்னர் தொடங்கிய வேலையை ஒரு நொடியில் முடித்துவிடுகிறான்.

முருகைக்கற்பாறை கடலின் வரம்பு. வரம்பு உடைந்த வயலுக்கு என்ன நேரும் என்று கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழி ஆழிப்பேரலையின் பின்னர் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தோர் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். முருகைக்கற்பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே எழுந்து, ஏறக்குறைய 50 மீற்றர் வரை உட்புகுந்தது. மூன்று கிலோமீற்றர் வடக்கே, முருகைக்கல் பெருமளவில் தோண்டப்பட்டிருந்த பெரேலியவில் அலை ஏறக்குறைய 10 மீற்றர் எழுந்து, 1.5 கிலோமீற்றர் வரை உட்சென்றது. அங்கேதான் புகையிரதம் ஒன்று பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது.

1988 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தின்படி கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதும் வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் சுண்ணாம்புக்காகச் சுடுவதும் குற்றம். முருகைமேல் விரித்துப் போட்டு, கோலால் இடித்து மீனை விரட்டிப் பிடிக்கும் மொக்சி வலையும் தடை செய்யப்பட்டதே. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாம் இதை எழுதவில்லை. நிலம் இழந்தவனுக்குக் கடல் சொந்தக்காரர் இல்லாத வயலாகத் தோன்றும். கூலி தருகிறோம் என்று யாராவது அழைத்தால் போகவும் தோன்றும். அந்த வயலுக்கும் சொந்தக்காரர் உண்டு. அதை நம்பி வாழும் மீனவக் குடும்பங்கள் உண்டு. ஒருவனுடைய நிலத்தை இன்னொருவன் பாழாக்கும்போது வரும் வேதனையை எம் மக்களைவிட அறிந்தவர் யார்? தொடக்க நூலில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் எழுதிய சுற்றுமடலிலும் அழிந்துவரும் முருகைக்கற்பாறைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

வருமானம் வருமா?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கடல்நீர்த் தொட்டியால் ஓர் ஏழைக் குடும்பம் பிழைக்கலாமா? எமது அனுபவத்தில், கடன்பட்டுத் தொடங்கினால் முடியாது. அழகுக் கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுபவை. அவற்றைத் தொட்டியில் இனம்பெருக்குவது கடினமானது, மூலதனம் வேண்டியது. பிடிக்கும் தொழிலோ சுழியோடிகளுடையது. காற்றுக் கலன் கட்டி ஆழம் போய் விரைந்து மேலேறினால், இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகிக் கைகால் வழங்காமற்போகலாம், உயிரும் போகலாம். பயிற்சியும் அனுமதியும் இன்றி வயல்காட்டுப் பிள்ளைகள் இறங்கவேண்டிய தொழில் அன்று அது.

ஆனால் தொட்டியில் பழகிய கை வீண்போகாது. நீரைப் பதப்படுத்தவும், அளக்கவும், எழுதி வைக்கவும், நோயை முன்னரே கண்டுகொள்ளவும் கற்றவர், நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பைத் துணிந்து தொடங்கலாம். கப்பி மீன் நான்கு கிழமைக்கொரு முறை குஞ்சு ஈனும். சிமெந்துத் தொட்டி இரண்டும், கொக்கும் மீன்கொத்தியும் வராதபடி மேலே வலையும் இருந்தால் தொடங்கலாம். புதுச் சிமெந்தைப் பல முறை நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே மீன் விடவேண்டும். வளர்ப்பதற்கு முன்னர் வாங்குபவரைத் தேடிக்கொள்ளுங்கள். தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரை அணுகி ஆலோசனை கேளுங்கள்.

அந்த மகன் இன்று இரண்டு தொட்டிகளில் கப்பி வளர்க்கிறான். பெரிய வருமானமில்லை, வீட்டு மின்கட்டணத்துக்கும் தங்கையின் கொப்பிகளுக்கும் ஆகிறது. ஒரு மழைக்காலத்தில் தொட்டி வழிந்து மீன்களில் பாதி போனது. கடன் இல்லாததால் மறுபடி தொடங்க முடிந்தது. சங்கிலி தாயிடமே இருக்கிறது.

பங்கு மண்டபத் தொட்டியில் இப்போது ஒரு சோடி கோமாளி மீனும் இரண்டு மொலிகளும் கல்லிடுக்கில் ஓட்டுக்குள் குடியிருக்கும் சிறு நண்டொன்றும் வாழ்கின்றன. முன்னர் முகம் சுளித்த பெரியவர்தான் மழைநீர் பிடித்துத் தருகிறார். எருவின் பதத்தைச் சொன்ன முதியவர் ஞாயிறுதோறும் வந்து நிற்பார். தன் வயல் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை என்பதை நடுவில் ஒரு முறை சொல்வார். பிறகு சிறுவர்களுக்கு உணவின் அளவைக் காட்டிக் கொடுப்பார். “இவ்வளவுதான். கூடப் போட்டால் தண்ணி கெட்டுப்போகும்.”

உங்கள் ஊரிலும் இப்படியொரு தொட்டி வைக்க விரும்பும் பாடசாலையோ முன்பள்ளியோ இருந்தால், முதலில் ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் நீர் நிரப்பிய தேதியை எழுதுங்கள். அதிலிருந்து ஆறு வாரத்தை எண்ணி, மீன் விடும் தேதியையும் எழுதுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னராவது யாராவது மீனோடு வந்தால், எங்கள் ஆறு மீன்களின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.